பரீராவின் மறுமொழி

7ஆம் நூற்றாண்டு மதீனாவில் அடிமையாயிருந்த பரீரா அம்மையாரை, அன்னை ஆயிஷா நாயகி விலை கொடுத்து வாங்கி விடுதலை செய்தார்கள். அடிமையான கணவர் முகீஸுடன் வாழ்வதோ பிரிவதோ இனிப் பரீராவின் விருப்பம் என்றாயிற்று. அவர் பிரிவையே தெரிந்தார்.

முகீஸோ தாடி நனையக் கண்ணீர் சொரிந்தவாறு தெருவெல்லாம் அவர் பின்னே அலைந்தார். அதுகண்டு இரங்கிய நபிகள் நாயகம் அவர்கள், கணவரிடம் மீளலாகாதா எனப் பரீராவைக் கேட்டார்கள். இது கட்டளையா என வினவினார் அவர். அன்று, பரிந்துரையே என்றார்கள் பெருமானார். அங்ஙனமாயின் அவர் தமக்கு வேண்டாம் என்றார் பரீரா.

புகாரி கிரந்தம் பேணிவைத்த வரலாறு இது. முகீஸின் கண்ணீர் நம் நெஞ்சையும் உருக்குகிறது. ஆயினும் இரக்கத்துக்காக இல்லறத்தை ஏற்கும் கடன் பரீராவுக்கு இருக்கவில்லை. நேற்றுவரை விலைப்பொருளாயிருந்தவரின் மனத்துக்கு நபிகளே மதிப்பளித்தார்கள். மணத்துக்குப் பெண்ணின் சம்மதமே அடிப்படை என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?