நாய் சாப்பிடவில்லையா? அடமா, நோயா என்று பாருங்கள்

"பசி ருசி அறியாது" என்று பெரியவர்கள் சொன்னது மனிதர்களுக்கு மட்டும்தானோ என்று எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. அதற்குக் காரணம் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்த ஒரு நாய்.

பெங்களூரில் வேலை பார்த்துவந்த என் மகனுக்கு அவனுடைய கம்பெனி இரண்டு வருடத்துக்கு ஜெர்மனியில் வேலை கொடுத்தது. மருமகளும் பேத்தியும் உடன் போனார்கள். பேத்தி தெருவிலிருந்து எடுத்து வளர்த்த நாட்டு நாய் புரூனோவை மட்டும் அழைத்துப் போக வழியில்லை. ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோலார் தங்கவயலில் உள்ள எங்கள் வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். நான்கு வயது, பதினைந்து கிலோ எடை. "தாத்தா, நான் வர்ற வரைக்கும் நல்லா பாத்துக்கணும்" என்று பேத்தி என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். பாலங்களையும் சிக்னல்களையும் ஒப்புக்கொண்டபோதுகூட எனக்கு அவ்வளவு பாரமாக இருந்ததில்லை.

ஒரு வாரம் ஒழுங்காகச் சாப்பிட்டது. பிறகு ஆரம்பித்தது வம்பு. மூட்டையில் வந்த நாய்த் தீனியை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. அதில் பால் ஊற்றினோம், இரண்டு நாள் தின்றது. பிறகு முட்டை வேண்டியிருந்தது. அதற்கும் பிறகு கோழி. கடைசியில் என் மனைவி தரையில் உட்கார்ந்து உருண்டை பிடித்து வாயில் ஊட்டினால்தான் சாப்பிடும் என்ற நிலை வந்தது. "நம்ம பையனுக்குக்கூட நான் இப்படி ஊட்டினதில்லைங்க" என்பாள். ஆனால் ஊட்டுவதை நிறுத்தமாட்டாள்.

லைன் வீட்டு மணி

நான் பிறந்தது சாம்பியன் ரீஃப் சுரங்கத் தொழிலாளர் லைன் ஒன்றில். அப்பா அண்டர்கிரவுண்டில் வேலை பார்த்தவர். எங்கள் லைனில் மணி என்றொரு நாய் இருந்தது. அது யாருடைய நாய் என்று கேட்டால் யாருக்கும் சொல்லத் தெரியாது. பத்து வீட்டுக்கும் பொது. கேழ்வரகுக் களியில் மிஞ்சியது, குழம்புச் சட்டி கழுவிய தண்ணீர், ஞாயிற்றுக்கிழமை ஆட்டெலும்பு ஆகியவைதான் அதன் உணவு. சங்கு ஊதி ஷிப்ட் முடிந்து ஆட்கள் வரும் நேரம் அதற்குத் தெரியும். வீட்டுக்கு ஒரு வாய் கிடைக்கும் என்று வாசல் வாசலாக நிற்கும். மணி எதையும் வேண்டாம் என்று சொல்லி நான் பார்த்ததில்லை.

நாயின் வயிறு களிக்கும் சோற்றுக்கும் பழகியதில் அதிசயம் ஒன்றுமில்லை. ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர்கள் 2013ஆம் ஆண்டு 'நேச்சர்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மாவுச்சத்தைச் செரிக்க வைக்கும் அமிலேஸ் என்ற பொருளுக்கான மரபணு ஓநாயைவிட நாய்க்குப் பல மடங்கு அதிகம் என்பது அதன் முடிவு. மனிதனோடு சேர்ந்து வாழ்ந்து, அவன் விளைத்த தானியத்தின் மிச்சத்தைத் தின்று தின்று வந்த மாற்றம் அது. மூட்டைத் தீனிதான் நேற்று வந்தது. 1860 வாக்கில் ஜேம்ஸ் ஸ்பிராட் என்ற அமெரிக்கர் லண்டனில், கப்பல் மாலுமிகளின் கெட்டி பிஸ்கட்டை நாய்கள் விரும்பித் தின்பதைப் பார்த்து, நாய் பிஸ்கட் செய்து விற்றதில் அந்த வியாபாரம் தொடங்கியது.

ஆகவே பிரச்சினை உணவில் இல்லை என்று எனக்குப் பட்டது. வேறு எங்கே என்று தேட வேண்டும். நான் டிப்ளமோ படித்து ரயில்வே சிக்னல் பிரிவில் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவன். அங்கே முதல் பாடம், பழுது எங்கே என்று தெரியாமல் ஸ்குரூடிரைவரைக் கையில் எடுக்கக்கூடாது என்பது.

கணக்கு சொன்ன உண்மை

ஒரு பழைய டைரியை எடுத்து, அன்று முழுவதும் புரூனோவின் வாய்க்குள் போனதையெல்லாம் எழுதினேன். காலையில் மனைவி டீ குடிக்கும்போது மேரி பிஸ்கட் நான்கு, பால் அரை டம்ளர், ஒரு தோசை. மதியம் ஒரு கரண்டி தயிர்சோறு. நாலு மணிக்கு நான் கொடுத்த பருப்பு வடை. தெருமுனை டீக்கடையில் யாரோ அன்பாகப் போட்ட பன். இரவு என் தட்டிலிருந்து அரைச் சப்பாத்தி. உத்தேசமாகக் கூட்டிப் பார்த்தால் எழுநூறு கலோரியைத் தாண்டியது. பதினைந்து கிலோ எடையுள்ள, வீட்டோடு இருக்கும் நாய்க்கு ஒரு நாளைக்கு வேண்டியதே சுமார் 850 கலோரிதான்.

நாய்க்கு அடமும் இல்லை, ருசிப் பித்தும் இல்லை. வயிறு நிறைந்திருந்தது, அவ்வளவுதான். முன்பு உண்டது செரித்த பிறகே உண்ண வேண்டும் என்று வள்ளுவர் மருந்து அதிகாரத்தில் சொல்லியிருப்பதை அந்த வாயில்லாப் பிராணி ஒழுங்காகக் கடைப்பிடித்திருக்கிறது. நாம்தான் அதற்குப் 'பிகு' என்று பெயர் வைத்திருக்கிறோம்.

கால்நடை டாக்டரிடம் டைரியைக் காட்டினேன். சிரித்தார். "இடையில தர்ற தின்பண்டம் மொத்தத்துல பத்துல ஒரு பங்குக்கு மேல போகக்கூடாது சார். அதைவிட, அது என்ன கத்துக்கிட்டிருக்கு பாருங்க. இதை வேண்டாம்னா அதைவிட நல்லது வரும்னு நீங்கதானே சொல்லிக் கொடுத்தீங்க?" என்றார்.

உண்மைதான். செரிமானம் பற்றிய ஆராய்ச்சிக்காக 1904இல் நோபல் பரிசு பெற்ற ரஷ்ய விஞ்ஞானி பாவ்லோவின் நாய்களுக்கு, உணவு வருவதற்கு முன்பே, அதைக் கொண்டுவருபவரின் காலடிச் சத்தத்துக்கே எச்சில் ஊறியதாம். எங்கள் புரூனோவுக்கு மனைவியின் மனத்தைப் படிக்கத் தெரிந்திருந்தது.

டாக்டர் எங்கள் வடையையும் விடவில்லை. வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்த சிவப்பணுக்களை அழிக்கக்கூடியவை. திராட்சையும் உலர் திராட்சையும் சிறுநீரகத்தைக் கெடுக்கும். சாக்லேட் இதயத்தையும் நரம்பையும் தாக்கும். சர்க்கரை இல்லாத சூயிங்கத்தில் இருக்கும் சைலிடால் உயிருக்கே ஆபத்து. வேகவைத்த எலும்பு கூர்கூராக உடைந்து குடலைக் குத்தும். மணி தின்று பிழைத்ததெல்லாம் அதன் அதிர்ஷ்டம் என்றார்.

டைம் டேபிள்

ஜூலை முதல் புது ஏற்பாடு. காலை ஏழு மணிக்கு ஒரு வேளை, இரவு ஏழு மணிக்கு ஒரு வேளை. தட்டை வைத்து இருபது நிமிடம் காத்திருப்பது. சாப்பிடாவிட்டால் ஒன்றும் சொல்லாமல் எடுத்துவிடுவது. கெஞ்சுவது, திட்டுவது, ஊட்டுவது எதுவும் கிடையாது. தண்ணீர் மட்டும் எப்போதும் இருக்கும். டீக்கடைக்காரரிடமும் கையைக் கூப்பிச் சொல்லி வைத்தேன்.

முதல் நாள் இரண்டு வேளையும் தட்டு அப்படியே திரும்பியது. அன்றிரவு மனைவி என்னோடு பேசவில்லை. மறுநாள் காலை நான்கு வாய் தின்றது. இரவு ஏழு மணிக்குத் தட்டு காலி. பத்து நாளில், ஆறே முக்காலுக்கே தட்டின் அருகில் வந்து உட்கார ஆரம்பித்தது. வண்டி லேட்டானாலும் அது லேட்டாகாது.

உணவையும் மெல்ல மாற்றினோம். மூட்டைத் தீனியில் வெந்நீர் தெளித்தால் மணம் எழும். நாய்க்கு நாக்கைவிட மூக்குதான் ருசி பார்க்கும் உறுப்பு. இரவு வேளைக்கு உப்புப் போடாத கேழ்வரகுக் களியை ஆறவைத்து, எலும்பு நீக்கிய வேகவைத்த கோழியைப் பிசைந்து வைத்தோம். ஒரேயடியாக மாற்றினால் வயிற்றால் போகும். ஆகவே ஒரு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தோம். கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்து அதிகம், 100 கிராமில் சுமார் 344 மில்லிகிராம். ஆனால் புரதம் 7 சதவீதம் அளவுதான். களியை மட்டுமே போட்டு நாய் வளர்க்க முடியாது. இறைச்சியோ முட்டையோ சேர வேண்டும்.

என் வெற்றியை ஜெர்மனிக்கு வீடியோவில் காட்டினேன். தெருவில் நாலு பேருக்கு யோசனையும் சொன்னேன். கதை இதோடு முடிந்திருந்தால் இந்தக் கட்டுரையை எழுதியிருக்கமாட்டேன்.

நான் செய்த தவறு

நவம்பர் மாதம், மழை விட்ட நேரம். ஒரு நாள் காலை புரூனோ தட்டைத் தொடவில்லை. இருபது நிமிடம் பார்த்தேன், எடுத்துவிட்டேன். இரவும் அப்படியே. "பழைய புத்தி திரும்பியிருக்கு. யாரோ பன் போடறாங்க" என்றேன். டைரியில் 'அடம்' என்று எழுதினேன்.

மறுநாள் மதியம் வீட்டில் கறிக்குழம்பு. மனைவி வந்து, "இது அடம் இல்லைங்க. குழம்பு கொதிக்கிற வாசனைக்குக்கூட அது தலையைத் தூக்கலை" என்றாள். "நீ இளகினால் எல்லாம் பாழ்" என்றேன். அன்றிரவும் தட்டு அப்படியே திரும்பியது.

மூன்றாம் நாள் காலை அது படுத்திருந்த சாக்கில் ஒரு சொட்டு ரத்தம். மூக்கிலிருந்து வந்திருந்தது. உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். ரோஜா நிறமாக இருக்க வேண்டிய ஈறு வெளுத்துக் கிடந்தது. ஆட்டோ பிடித்து டாக்டரிடம் ஓடினோம். சுரம் 104 டிகிரி. நாய்க்கு 101 முதல் 102.5 டிகிரி வரை இயல்பு. காதுக்குள்ளும் விரல் இடுக்கிலும் உண்ணிகள். ரத்தப் பரிசோதனையில் தட்டணுக்கள் மிகவும் குறைந்திருந்தன. உண்ணி கடித்தால் பரவும் எர்லிக்கியா என்னும் கிருமிக் காய்ச்சல். நம் பக்கத்து வெப்பத்தில் உண்ணிக்குப் பஞ்சமில்லை; நாய்களுக்கு இது அடிக்கடி வரும் நோய்.

"இன்னும் ரெண்டு நாள் பார்க்கலாம்னு இருந்திருந்தா கஷ்டம் சார்" என்றார் டாக்டர். டாக்ஸிசைக்ளின் மாத்திரை 28 நாள். சாப்பாட்டோடுதான் கொடுக்க வேண்டும், வெறும் வயிற்றில் ஆகாது. அந்தச் சாப்பாட்டை யார் கொடுப்பது? தரையில் உட்கார்ந்து, களியும் கோழியும் பிசைந்து, சிறு சிறு உருண்டையாக நான்தான் ஊட்டினேன். மனைவி பார்த்துக்கொண்டு நின்றாள். ஒன்றும் சொல்லவில்லை. அவள் சொல்லியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

மூன்றாவது நாளே சுரம் இறங்கியது. ஒரு வாரத்தில் வாலாட்டியது. முழுதும் தேற ஒரு மாதத்துக்கு மேல் ஆனது.

சிக்னல்காரனுக்குத் தெரிந்திருக்க வேண்டியது

பழைய கைகாட்டி சிக்னலைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கம்பி அறுந்துவிட்டால் கை தானாக 'ஆபத்து' நிலைக்குப் போய்விடும். எதிரெடை அப்படி இழுத்துவிடும். பழுதானால் வண்டி நிற்க வேண்டுமே தவிர, ஓடிவிடக்கூடாது என்பதுதான் எங்கள் தொழிலின் ஆதார விதி. சந்தேகம் என்றால் சிவப்பு. முப்பத்தைந்து ஆண்டு அதைச் சோறாகத் தின்ற நான், வீட்டு நாய் விஷயத்தில் சந்தேகத்துக்குப் பச்சை காட்டினேன். டைம் டேபிள் தவறில்லை. சிக்னலைப் பார்க்காமல் டைம் டேபிளை மட்டும் பார்த்து வண்டி ஓட்டியதுதான் தவறு.

நாய் வளர்க்கும் அன்பர்களுக்காக, நான் கற்றதைச் சுருக்கிச் சொல்கிறேன். தன் தட்டை வேண்டாம் என்று தள்ளிவிட்டு, உங்கள் தட்டைப் பார்த்து வாலாட்டினால் அது அடம். தனக்கு மிகப் பிடித்ததையும் வேண்டாம் என்றால், மூலையில் போய்ச் சுருண்டு படுத்தால், ஈறு வெளுத்தால், வாந்தியோ பேதியோ இருந்தால் அது நோய். நன்றாக இருக்கும் வளர்ந்த நாய் ஒருநாள் பட்டினி கிடந்தால் பெரிய கேடில்லை. ஒரு நாளைத் தாண்டினால் டாக்டரிடம் காட்டுங்கள். குட்டியோ, கிழநாயோ, ஏற்கெனவே நோயுள்ளதோ என்றால் அந்த ஒரு நாளும் காத்திருக்க வேண்டாம். வீட்டிலிருக்கும் காய்ச்சல் மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள். மனிதருக்கு மருந்தானது நாய்க்கு விஷமாகலாம். வாரம் ஒருமுறை காது, கழுத்துப்பட்டையின் அடி, விரல் இடுக்கு மூன்றையும் உண்ணிக்காகத் தடவிப் பாருங்கள்.

தேறிய பிறகுதான் பேத்தியிடம் சொன்னோம். "ஏன் தாத்தா அப்பவே சொல்லலை?" என்று கேட்டு அழுதாள். பதில் சொல்ல முடியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "இப்ப சாப்பிடுதா?" என்றாள். போனைத் திருப்பிக் காட்டினேன். மணி ஆறே முக்கால். புரூனோ தட்டருகில் உட்கார்ந்திருந்தது.

டைரியில் 'அடம்' என்று எழுதிய பக்கத்தை நான் கிழிக்கவில்லை. இப்போதும் தட்டை எடுப்பதற்கு முன்பு ஒருமுறை உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்துவிட்டுத்தான் எடுக்கிறேன்.