மிதக்கும் ஜன்னல்!

சிவகாசி அச்சகம் ஒன்றில் கம்ப்யூட்டர் முன் அமர்ந்து, காலண்டருக்குப் படம் அமைக்கிறவரை எடுத்துக்கொள்வோம். எழுத்துக்கு நிழல் கொடுக்கும் புது முறை ஒன்றை அவர் யூடியூபில் பார்த்துக் கற்க வேண்டும். பாடத்தைத் திறந்தால் வேலை மறைகிறது. வேலைக்குத் திரும்பினால் பாடம் மறைகிறது. இங்கும் அங்கும் தாவுவதிலேயே பாதி நேரம் போய்விடுகிறது!

இந்தத் தொல்லைக்கு மருந்தாக வந்ததே மிதக்கும் ஜன்னல்.

மேஜையும் காகிதமும்

லாப்டாப் திரையை ஒரு மேஜை என்று வைத்துக்கொள்ளுங்கள். நாம் திறக்கும் ஒவ்வொரு ஜன்னலும் மேஜைமேல் வைக்கும் காகிதம். கடைசியாகத் தொட்டது மேலே வரும். மற்றவை அடியில் போகும். மிதக்கும் ஜன்னலோ பேப்பர் வெயிட் மாதிரி. காகிதத்தை எத்தனை முறை மாற்றினாலும் அதுதான் மேலே இருக்கும்.

இந்த எண்ணம் இன்று நேற்று வந்ததல்ல. 1976-ல் மாண்ட்ரீல் ஒலிம்பிக் ஒளிபரப்பிலேயே, பெரிய படத்துக்குள் சிறு படம் காட்டினார்கள். 1980-களில் டெலிவிஷன் பெட்டிகளிலும் இந்த வசதி வந்தது. கம்ப்யூட்டரில் குரோம் 2018-லும், பயர்பாக்ஸ் 2019-லும் இதைக் கொடுத்தன.

செய்வது எப்படி?

குரோமில் யூடியூப் படத்தின்மேல் மௌஸின் வலது பொத்தானை இரண்டு முறை அழுத்துங்கள். முதல் முறை யூடியூபின் பட்டியல் வரும். இரண்டாம் முறை குரோமின் பட்டியல் வரும். அதில் ‘பிக்சர் இன் பிக்சர்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் போதும். பயர்பாக்ஸில் படத்தின்மேல் மௌஸைக் கொண்டுபோனாலே அதற்கான சிறு பொத்தான் தெரியும். ஜன்னலை விரும்பிய மூலைக்கு இழுக்கலாம், சிறிதாக்கலாம், பெரிதாக்கலாம். ஆனால் படம் ஓடும் மூலப் பக்கத்தை மூடிவிடாதீர்கள். மூடினால் மிதப்பதும் மறைந்துவிடும்!

பாடமா, வேடிக்கையா?

அச்சகத்துக்காரருக்கு இது வரப்பிரசாதம். அவர் பார்ப்பதும் செய்வதும் ஒரே வேலை. விருதுநகர் பருப்பு மண்டியில் கணக்கு எழுதுகிறவர் மூலையில் சினிமா நகைச்சுவையை ஓடவிட்டால் என்ன ஆகும்? மனித மனம் ஒரே சமயத்தில் இரண்டையும் கவனிப்பதில்லை. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவுகிறது. ஒவ்வொரு தாவலிலும் ஏதாவது நழுவுகிறது. மூட்டைக் கணக்கில் ஒரு சைபர் கூடினால் சிரிப்பு நின்றுவிடும்!

கவனத்தின் அருமையை இந்த வட்டாரத்துக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பட்டாசு ஆலையில் வேலை செய்யும் இடத்துக்குச் செல்போன் கொண்டுபோகக் கூடாது. மருந்து கலக்கும் அறையில் கையும் கண்ணும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். அங்கே ஓர் உராய்வு போதும், குடும்பமே நிலைகுலைந்துவிடும். கணக்குப் பிழையை அடித்துத் திருத்தலாம். மருந்தறைப் பிழையைத் திருத்த வழியில்லை.

மருந்தறைக்கு உள்ள அந்தக் கட்டுப்பாட்டில் கொஞ்சத்தை நம் மேஜைக்கும் கொண்டுவந்தால் என்ன? வேலைக்கு உதவும் பாடம் மூலையில் ஓடட்டும். வேடிக்கைப் படம் வேலை முடிந்தபின் முழுத்திரையில் வரட்டும்.

ஜன்னல் மிதக்கலாம், மனம் மிதக்கக் கூடாது!