கடற்பாலத்துக்கு அப்பால் இருந்த வாசகர்

ஜொகூரையும் சிங்கப்பூரையும் இணைக்கும் கடற்பாலம் 1924இல் முறைப்படி திறக்கப்பட்டது. அதே ஆண்டில்தான் கோலாலம்பூரில் நரசிம்ம ஐயங்கார் ‘தமிழ் நேசன்’ இதழைத் தொடங்கினார், திருவாரூர்க்காரரான கோ. சாரங்கபாணி பிழைப்புத் தேடி சிங்கப்பூரில் வந்து இறங்கியதும் அதே ஆண்டில்தான். பதினோரு ஆண்டு கழித்து, 1935இல், தமிழர் சீர்திருத்தச் சங்கத்தின் சார்பில் ‘தமிழ் முரசு’ ஒரு காசு விலையில் வார இதழாக வெளிவந்தது. சில ஆண்டுகளில் அது நாளிதழாயிற்று. இன்று சிங்கப்பூர் ஓர் எல்லை நகரம். பாலத்தைக் கடக்கக் கடப்பிதழ் வேண்டும். அதனால் முரசையும் அந்த நகரத்துக்குள்ளேயே வைத்துப் பேசிப் பழகிவிட்டோம். சிராங்கூன் சாலை, துறைமுகத் தொழிலாளர், நகரத்துச் சங்கங்கள் என்று அதன் கதை முடிந்துவிடுகிறது. ஆனால் அந்தப் பத்திரிகைக்கு அதன் குணத்தைக் கொடுத்ததில் பாலத்துக்கு அப்பாலிருந்த ரப்பர் தோட்டங்களுக்குப் பெரும் பங்கு உண்டு என்பதே என் வாதம். 1965இல் சிங்கப்பூர் மலேசியாவிலிருந்து பிரிந்து நடுவில் எல்லை விழுந்தபோது முரசு இழந்ததைச் சில ஆயிரம் பிரதிகள் என்று கணக்குப் போட்டுவிட முடியாது. அது செய்துகொண்டிருந்த வேலையே பாதியில் நின்றது.

நெகிரி செம்பிலானின் பகாவைப் பாருங்கள். சுற்றிலும் கெடிஸ், ஜெராம் பாடாங் என்று தோட்டங்கள். நடுவில் ஒரு சிறு பட்டணம். வரைபடத்தில் அது கோலாலம்பூருக்குத்தான் பக்கம். ஆனால் ரயில்பாதையில் பார்த்தால் கதை வேறு. சிங்கப்பூரிலிருந்து வடக்கே போகும் தடம் கெமாஸில் இரண்டாகப் பிரிகிறது. கிழக்குக்கரைப் பாதையின் முதல் துண்டாக கெமாஸிலிருந்து பகாவுக்குத் தண்டவாளம் போட்டது 1910இல். அதாவது சிங்கப்பூரில் ஏற்றியதை ஒரே சந்திப்பில் வண்டி மாற்றி பகாவில் இறக்கிவிடலாம். ஜப்பானியர் ஆட்சியில் சிங்கப்பூரின் உணவுத் தட்டுப்பாட்டைச் சமாளிக்க, 1943 இறுதியில் அங்கிருந்த கத்தோலிக்கரையும் யுரேசியரையும் பயிர் செய்யச் சொல்லி அனுப்பிய இடமும் பகாவ்தான். மலேரியாவில் மடிந்தவர்கள் ஏராளம்; உடன் சென்ற ஆயர் தெவால்ஸும் 1945இல் இறந்தார். நகரத்தின் கொல்லைப்புறமாகத்தான் அந்தக் காலத்தில் இந்தக் காட்டுப் பட்டணத்தை நினைத்தார்கள் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

தோட்டத்தில் படித்தவர் எத்தனை பேர், பத்திரிகை அவர்களுக்கு எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். பால்மரம் வெட்டியவர்களில் பெரும்பாலோர் எழுத்தறியாதவர்கள். காசு கொடுத்துப் பத்திரிகை வாங்கக்கூடியவர் தோட்ட எழுத்தரான கிராணியும் பள்ளிக்கூட வாத்தியாரும்தான். ஆனால் தமிழ்ப் பத்திரிகையை அன்று யாரும் தனியே வாசித்து மடித்து வைத்துவிடவில்லை. ஒருவர் உரக்கப் படிக்கப் பலர் கேட்பதே வழக்கம். ஒரு பிரதிக்கு ஒரு வாசகர் என்ற கணக்கு அங்கே செல்லாது. இன்னொரு சான்று 1941இன் கிள்ளான் வேலைநிறுத்தம். அதை முன்னின்று நடத்திய ஆர். எச். நாதன் ‘தமிழ் நேச’னின் துணையாசிரியர். தொழிலாளர்கள் வைத்த கோரிக்கைகளைப் படித்தால் பத்திரிகைக்காரரின் கையும் தோட்டக்காரரின் வலியும் ஒன்றாகக் கலந்திருப்பது தெரியும். சீனருக்கு இணையான கூலி வேண்டும், கள்ளுக்கடையை மூட வேண்டும் என்பவற்றோடு இன்னொன்றும் இருந்தது: தோட்டத்துரை எதிரே வந்தால் சைக்கிளைவிட்டு இறங்கி நிற்க வேண்டிய கட்டாயம் ஒழிய வேண்டும். கூலிக்கு நிகராக மரியாதையையும் கேட்டார்கள். அரசு நாதனைக் கைது செய்து இந்தியாவுக்கு அனுப்பியது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தனர். தோட்டத்துக்குப் பத்திரிகை எட்டவில்லை என்றால், ஒரு துணையாசிரியரைக் கண்டு அரசு அவ்வளவு அஞ்சியிருக்க வேண்டியதில்லை.

நாதன் நேசனைச் சேர்ந்தவர். அப்படியிருக்க முரசை ஏன் உயர்த்துகிறாய் என்பது அடுத்த கேள்வி. நேசனின் பங்கை நான் குறைக்கவில்லை. வேறுபாடு வேறு இடத்தில் இருக்கிறது. பெரியார் 1929இன் இறுதியில் மலாயாவுக்கு வந்துபோன பின் எழுந்த சீர்திருத்த அலையில் பிறந்தது முரசு. சாதியையும் கள்ளையும் வீண்செலவுச் சடங்கையும் எதிர்ப்பதே அதன் பிறவி வேலை. அந்த மூன்றும் நகரத்தைவிடத் தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயத்தில் கெட்டியாக இருந்தன. அதைவிட முக்கியம், முரசு செய்தி சொல்வதோடு நில்லாமல் அமைப்புகளையும் உண்டாக்கியது. 1952இல் சாரங்கபாணி தொடங்கிய தமிழர் திருநாள் பொங்கலையொட்டி சிங்கப்பூரிலும் மலாயாவிலும் நடந்தது. மாணவருக்கென முரசு நடத்திய ‘மாணவர் மணிமன்றம்’ பகுதியிலிருந்து ஊர் ஊராக மணிமன்றங்கள் கிளைத்து, பின்னாளில் மலேசியாவின் தமிழ் இளைஞர் மணிமன்ற இயக்கமாக வளர்ந்தன. மலாயாப் பல்கலைக்கழகத்தில் அமையவிருந்த இந்திய இயல் துறையில் சமஸ்கிருதத்துக்கா தமிழுக்கா முதலிடம் என்ற விவாதம் எழுந்தபோது, முரசு தமிழுக்காக நின்றது. ‘தமிழ் எங்கள் உயிர்’ என்ற நிதியையும் திரட்டியது. அந்தத் துறை இன்று இருப்பது கோலாலம்பூரில். பத்திரிகை ஒரு நாட்டில் நிற்க, அது நட்டவை இன்னொரு நாட்டில் காய்க்கின்றன.

எல்லை ஒரே நாளில் வந்ததல்ல என்பதையும் சொல்ல வேண்டும். 1957இல் மலாயா விடுதலை பெற்றபோதே குடியுரிமை இரண்டாகிவிட்டது. சிங்கப்பூரின் குடியுரிமைச் சட்டமும் அதே ஆண்டில்தான் வந்தது. விண்ணப்பியுங்கள், விட்டுவிடாதீர்கள் என்று முரசு இடைவிடாமல் எழுதியது. 1963இல் ஊழியர் வேலைநிறுத்தத்தில் முரசு நின்றுபோக, அந்த இடைவெளியில் 1964இல் ‘தமிழ் மலர்’ பிறந்தது. 1965 ஆகஸ்ட் 9இல் சிங்கப்பூர் தனிநாடு. அதன்பின் இரு நாட்டிலும் உரிமச் சட்டங்கள் இறுகின. இந்தப் பக்கத்து நாளிதழ் அந்தப் பக்கத்துக் கடையில் விற்பனைக்கு வருவது நின்றது. இது நடந்த காலத்தையும் பாருங்கள். குடியுரிமை இல்லாதவர் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வேண்டும் என்று மலேசியாவில் சட்டம் வந்தது 1968இல். குடியுரிமைத் தாள் எடுக்காமல் இருந்துவிட்ட தோட்டத் தமிழர் பல்லாயிரம் பேர் அதன்பின் இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். குடியுரிமைக்காக அத்தனை உழைத்த பத்திரிகைக்கு, அந்தச் சொல் மிகத் தேவைப்பட்ட மக்கள் அயல்நாட்டவர் ஆகியிருந்தார்கள். முரசு தொடர்ந்து வந்திருந்தால் எல்லாரும் காப்பாற்றப்பட்டிருப்பார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். பிறப்புச் சான்று இல்லாத மனிதருக்குத் தலையங்கத்தால் என்ன செய்ய முடியும்?

இந்த வாதத்துக்கு எதிராக வைக்கக்கூடிய வலுவான சான்று ஒன்று உண்டு. தோட்டங்கள் தன் பக்கமே இருந்தும் தமிழ் நேசன் 2019இன் தொடக்கத்தில் மூடப்பட்டது. தோட்டங்களை இழந்த முரசு இன்றும் வருகிறது. அப்படியானால் எல்லை முரசைக் காப்பாற்றிவிட்டதா? ஒரு வகையில் ஆம். சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்று. 1995இல் முரசு சிங்கப்பூர் பிரஸ் ஹோல்டிங்ஸ் நிறுவனத்திடம் சேர்ந்தது. பெரிய நிறுவனத்தின் நிழலில் சிறிய பத்திரிகை பிழைத்தது. மலேசியத் தமிழ் நாளிதழ்களுக்கு அந்த நிழல் இல்லை. அவற்றின் வாசகர் கூட்டமும் கரைந்தது: ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, பெரிய தோட்டங்கள் துண்டுபோட்டு விற்கப்பட்டன, லயங்கள் காலியாகின, வேலைக்கு இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் வந்தார்கள். வேலைக்கு ஆள் எண்ணும் பெரட்டுக் களத்தில் ஒன்றாக நின்றவர்கள் பட்டணத்து அடுக்குமாடிகளுக்குச் சிதறியபின், அவர்களை ஒரே கூட்டமாகப் பார்த்து எழுத எந்தப் பத்திரிகையாலும் இயலவில்லை. ஆகவே பிழைத்திருப்பதை ஒரு நாளிதழின் வெற்றிக்கு அளவுகோலாக வைக்க நான் தயங்குகிறேன். இன்றைய முரசு ஒரு நகரத்துச் சிறுபான்மையின் நல்ல பத்திரிகை. பள்ளி மாணவர்களுக்குத் தமிழ் வாசிக்கக் கொடுக்கிறது, அரசின் அறிவிப்புகளைத் தமிழில் தருகிறது. அதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் துரையின் முன் சைக்கிளைவிட்டு இறங்க வேண்டியிருந்த மனிதரை மனத்தில் வைத்து எழுதிய காலத்துக் கோபம் அதில் இருக்க முடியாது. அந்த மனிதர் அதன் வாசகர் பட்டியலில் இல்லை.

இணையம் வந்தபின் எல்லை எங்கே இருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. பகாவில் ஒருவர் கைப்பேசியிலேயே முரசைத் திறந்து படிக்கலாம், உண்மைதான். ஆனால் படிக்கக் கிடைப்பதும் நமக்காக எழுதப்படுவதும் வேறு வேறு. மணிமன்றப் பக்கத்துக்கு எழுதிய பிள்ளை எந்த ஊர் என்று 1950களின் முரசு பார்க்கவில்லை. ஜொகூரும் நெகிரி செம்பிலானும் அதற்கு உள்ளூர். இன்று ஜெராம் பாடாங்கில் ஒரு தமிழ்ப்பள்ளிக்குப் பிள்ளைகள் குறைந்தால், முரசின் ஆசிரியர் அதை மலேசியச் செய்தி என்று தலைப்பிட்டு, உலகச் செய்திகளுக்குப் பக்கத்தில் இடம் இருந்தால் போடுவார்.