கடலில் நட்ட பேரீச்சை

மகளிர் குழுக் கூட்டம் முடிந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, டுபாயில் நான்கு வருடம் வீட்டுப் பணிப்பெண்ணாக இருந்து திரும்பிய அக்கா ஒருவர் கைத்தொலைபேசியில் ஒரு படத்தைக் காட்டினார். கடலுக்குள் ஒரு பேரீச்ச மரம் விரிந்து கிடந்தது. "இதில ஒரு ஓலையிலதான் பிள்ளை நான் வேலை செய்த வீடு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். முல்லைத்தீவுக் கரையில் பிறந்த இன்னொரு அக்கா மட்டும் சிரிக்கவில்லை. "உந்தளவு மண்ணை எங்கயிருந்து அள்ளினவை?" என்று கேட்டார். அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. தேடிப் படித்ததை இங்கே எழுதுகிறேன்.

அது ஜுமைரா பேரீச்சைத் தீவு. 2001 இல் வேலை தொடங்கியது. எண்ணெய் என்றைக்கும் கைகொடுக்காது என்று உணர்ந்த டுபாய் ஆட்சியாளர்கள் உல்லாசப் பயணிகளை நம்பத் தொடங்கிய காலம். அதற்குக் கடற்கரை வேண்டும். இருந்த கரை போதவில்லை. வட்டமாகத் தீவு அமைத்தால் விளிம்பில் இருப்பவர்களுக்கே கடல் கிடைக்கும். ஓலை ஓலையாகப் பிரித்தால் வீட்டுக்கு வீடு பின்வாசலில் கடல். ஆக, அந்த வடிவம் அழகுக்காக மட்டும் வந்ததல்ல.

பாலைவன நாட்டில் மணலுக்குப் பஞ்சமா என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் பாலைவன மணல் காற்றில் உருண்டு உருண்டு வழுவழுப்பாகி விட்டது. கடலுக்குள் கொட்டினால் இறுகி நிற்காது. ஆகவே வளைகுடாக் கடலின் அடியிலிருந்தே கப்பல்கள் மணலை உறிஞ்சி எடுத்தன. சுமார் 94 மில்லியன் கன மீற்றர்! செய்மதி காட்டிய இடம் பார்த்து அதை வானவில் போல் வளைத்துப் பீய்ச்சின. அலை அரிக்காமல் சுற்றிலும் 11 கிலோமீற்றருக்குக் கல்லணை கட்டினார்கள். அணைக்குள் நீர் ஓடாமல் தேங்கும் என்று பிறகு தெரிந்து, இரண்டு இடங்களில் வாய் திறந்து விட்டார்கள். களப்பு முகத்துவாரத்தை வெட்டிவிட்டுப் பழகிய எங்கள் பெண்களிடம் கேட்டிருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பார்கள்.

2003 இல் உலக வரைபடம் போல 300 குட்டித் தீவுகளையும் தொடங்கினார்கள். 2008 இல் உலகப் பொருளாதாரம் சரிந்ததும் அவற்றுள் பெரும்பாலானவை வெறும் மணல் திட்டுக்களாகவே நின்றுவிட்டன.

கடலடி மணல் யாருக்கும் பயன்படாத பொருளல்ல. மீன் மேய்வதும் முட்டையிடுவதும் அங்கேதான். மணலை உறிஞ்சும்போது கிளம்பும் கலங்கல் பவளப் பாறைகளை மூடிவிடும். எங்கள் நாட்டிலும் 2014 இல் கொழும்புத் துறைமுக நகர வேலை தொடங்கி, 269 ஹெக்டேயர் கடல் நிலமானது. அதற்கும் மணல் மேற்குக் கடலடியிலிருந்தே வந்தது. மீன்பாடு குறைகிறது என்று நீர்கொழும்புப் பக்க மீனவர்கள் போராடினார்கள். வலை பின்னும், கருவாடு போடும் பெண்களின் வருமானமும் அந்த மீனோடுதான் போகிறது. நட்டக் கணக்கு எடுப்பவர்கள் பெரும்பாலும் வள்ளத்தை மட்டுமே எண்ணுகிறார்கள்.

இதையெல்லாம் அடுத்த கூட்டத்தில் சொன்னேன். டுபாய் அக்கா, "பின்கதவைத் திறந்தால் கடல்தான் பிள்ளை. நாலு வருசமும் யன்னல் கண்ணாடியில உப்பைத் துடைச்சன், ஒருநாளும் கால் நனைக்கேல்லை" என்றார். முல்லைத்தீவு அக்காவுக்கு வேறு யோசனை. "எங்கட கரையில மண் அள்ள வந்தால் ஆரிட்டக் கேக்கிறது?" என்றார். அதற்காகக் கரையோரம் பேணல் திணைக்கள அலுவலர் ஒருவரை அடுத்த மாதக் கூட்டத்துக்கு அழைத்திருக்கிறோம். கேள்விகளை அக்காவே எழுதி வருகிறார்.