நின்றால் கொதிக்கும் கார்!

ஓடும்போது ஒரு தொல்லையும் இல்லை. நின்றால் மட்டும் கொதிக்கிறது! இப்படி ஒரு காரை வைத்துக்கொண்டு சென்ற மே மாதம் நாங்கள் பட்ட பாட்டைக் கேளுங்கள்.

நல்ல கத்திரி வெயில். விழுப்புரத்தில் உறவினர் வீட்டுக் கல்யாணம். திண்டிவனத்தில் காபி சாப்பிட்டுவிட்டுப் புறப்பட்டோம். காரில் நான், என் மனைவி, மகள், மைத்துனர். திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் ஏறக்குறைய 40 கிலோ மீட்டர். நல்ல சாலை. கூட்டேரிப்பட்டு தாண்டும்வரை கார் பறந்தது.

விக்கிரவாண்டி சுங்கச் சாவடி வந்தது. முகூர்த்த நாள். ஞாயிற்றுக்கிழமை வேறு. 2021-ம் ஆண்டு பிப்ரவரி முதல் 'பாஸ்டேக்' கட்டாயம் ஆகிவிட்டது. நின்று சில்லறை எண்ணும் வேலை இல்லை. ஆனாலும் இத்தனை கார்கள் ஒரே நேரத்தில் வந்தால் வரிசை நிற்கத்தானே செய்யும்?

ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். "அப்பா, இந்த முள் ஏன் மேலே போகுது?" என்றாள் மகள்.

என்ஜினின் சூட்டைக் காட்டும் முள் அது. சிவப்புக் கோட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஏ.சி.யில் வந்த குளிர்ந்த காற்றும் வெதுவெதுப்பாகிவிட்டது. காரை ஓரம் கட்டி என்ஜினை நிறுத்தினேன். பானெட்டைத் தூக்கியதும் 'புஸ்' என்று ஆவி!

மைத்துனருக்கு எதிலும் அவசரம். தோளில் கிடந்த துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியைப் பிடித்தார்.

"ஐயா, தொடாதீங்க!"

பக்கத்தில் நின்ற லாரியிலிருந்து டிரைவர் குதித்து ஓடி வந்தார். மைத்துனரின் கையைப் பிடித்து இழுத்தார். பிறகு ஒன்றும் பேசாமல் தன் சட்டைக் கையைச் சுருட்டிக் காட்டினார். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை வெந்து ஆறிய தழும்பு!

மூடிக்குள் இருக்கும் ஆபத்து

அடுப்பில் வைத்த தண்ணீர் 100 டிகிரியில் கொதித்துவிடும். ரேடியேட்டருக்குள் கதை வேறு. அதன் மூடி இறுக்கமானது. பிரஷர் குக்கரைப் போல உள்ளே அழுத்தம் ஏறும். அதனால் 100 டிகிரியைத் தாண்டியும் தண்ணீர் கொதிக்காமல் அடங்கி இருக்கும். 120 டிகிரியைக்கூட எட்டிவிடும். மூடியைத் திருகினால் அழுத்தம் போய்விடுகிறது. அந்த நொடியே உள்ளிருக்கும் தண்ணீர் கொதித்துக்கொண்டு வெளியே பாயும். முகம், கை, மார்பு எல்லாம் வெந்துபோகும். துண்டு என்ன செய்யும்?

அரை மணி நேரமாவது காத்திருக்க வேண்டும். ஒரு மணி நேரமானால் இன்னும் நல்லது. சூடான என்ஜினில் குளிர்ந்த தண்ணீரைக் கொட்டவும் கூடாது. விரிசல் விட்டால் காரின் பாதி விலை போய்விடும்.

நாங்கள் முக்கால் மணி நேரம் புளிய மர நிழலில் உட்கார்ந்திருந்தோம். முகூர்த்தம் தப்பிவிடுமோ என்று மனைவிக்குக் கவலை. எனக்கோ கோபம். காரணம் இருந்தது.

விசிறி சுற்றவில்லை

என்ஜினின் சூட்டைத் தண்ணீர் எடுத்துக்கொண்டு ரேடியேட்டருக்கு வருகிறது. அங்கே காற்று பட்டுக் குளிர்ந்து திரும்புகிறது. கார் ஓடும்போது எதிர்க்காற்றே போதும். நின்றுவிட்டால் காற்று ஏது? அப்போதுதான் ரேடியேட்டர் விசிறி சுற்ற வேண்டும். ஓடும்போது சரியாக இருந்து, நின்றால் முள் ஏறினால், முதலில் விசிறியைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

பழைய அம்பாசிடரில் விசிறியை என்ஜினே பெல்ட் போட்டுச் சுற்றியது. என்ஜின் ஓடினால் விசிறியும் ஓடும். 1983-ல் மாருதி 800 வந்தது. அதில் என்ஜின் குறுக்குவாட்டில் உட்கார்ந்திருந்தது. ரேடியேட்டர் இருக்கும் பக்கம் பெல்ட் போக வழியில்லை. எனவே விசிறிக்குத் தனியாக மின்சார மோட்டார் வைத்தார்கள். இன்றைய கார்களில் பெரும்பாலும் இதே ஏற்பாடுதான். மின்சாரம் வந்தது. மின்சாரக் கோளாறும் கூடவே வந்தது!

என் கோபத்துக்குக் காரணம் இதுதான்: மூன்று வாரத்துக்கு முன்புதான் இதே கோளாறுக்காக ஒரு பட்டறையில் காரை விட்டிருந்தேன். "மோட்டார் போச்சு" என்றார்கள். புது மோட்டாருக்கு நாலாயிரத்துச் சொச்சம் கொடுத்தேன்.

கத்திரி வெயிலில் ஹீட்டர்!

கார் ஆறியதும் தண்ணீரை நிரப்பினோம். "ஏ.சி.யை நிறுத்திட்டு ஹீட்டரைப் போட்டு ஓட்டுங்க, சார்" என்றார் லாரி டிரைவர். மே மாதத்தில் ஹீட்டரா? ஆனால் அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. என்ஜினின் சூட்டில் ஒரு பகுதியை ஹீட்டர் காருக்குள் இழுத்துவிடும். என்ஜின் பிழைக்கும். நாங்கள்தான் வெந்தோம்! என் கண் முள்ளை விட்டு அகலவில்லை. எதிர்க்காற்றில் முள் மெள்ள இறங்கியது. பட்டுச் சேலை நனைய நனைய விழுப்புரம் போய்ச் சேர்ந்தோம். தாலி கட்டும் நேரத்துக்குச் சரியாகப் போய்விட்டோம்.

சாப்பாடு முடிந்ததும் ஒரு சிறிய பட்டறையைத் தேடிப் போனேன். ஐம்பது வயது மதிக்கத்தக்க மெக்கானிக். கதையைக் கேட்டுவிட்டு, "மோட்டாரைக் கடைசியில பார்ப்போம், சார்" என்றார்.

முதலில் ஏ.சி.யைப் போடச் சொன்னார். ஏ.சி. போட்டால் இந்த விசிறி சுற்ற வேண்டும். சுற்றவில்லை. பியூஸை எடுத்துப் பார்த்தார். நன்றாக இருந்தது. "இது போயிருந்தா அதே அளவு பியூஸ்தான் போடணும். சிலபேர் சிகரெட் தாளைச் சுருட்டி வைப்பாங்க. பியூஸ் பிழைச்சுக்கும், கார் எரிஞ்சுபோகும்" என்றார்.

அடுத்தது ரிலே. சிறிய மின்சாரத்தின் கட்டளைக்குப் பெரிய மின்சாரத்தைத் திறந்துவிடும் குட்டிப் பெட்டி அது. எங்கள் காரில் ஹார்ன் ரிலேயும் விசிறி ரிலேயும் ஒரே ஜாதி. ஹார்ன் ரிலேயைப் பிடுங்கி விசிறியின் இடத்தில் வைத்தார். 'டிக்' என்றது. விசிறி அசையவில்லை. 'டிக்' என்றால் கட்டளை வருகிறது என்று பொருள். எனவே சூட்டைப் பார்த்துச் சொல்லும் சென்சார் மேல் பழி இல்லை.

இரண்டு பல்புகள்

பிறகு மோட்டாருக்கு வரும் ஒயரைக் கழற்றி, சின்ன பல்பு ஒன்றை அதில் தொட்டார். எரிந்தது!

"அந்தப் பட்டறையிலும் இப்படித்தான் பார்த்தார்கள், அண்ணே. கரெண்ட் வருகிறது, மோட்டார்தான் போய்விட்டது என்றார்கள்" என்றேன்.

அவர் சிரித்தார். அலமாரியிலிருந்து ஒரு ஹெட்லைட் பல்பை எடுத்து வந்தார். அதை அதே ஒயரில் தொட்டார். நெருப்புக்குச்சி அணையும்போது தெரியுமே, அப்படி மங்கலாகச் சிவந்தது. அவ்வளவுதான்.

"கரெண்ட் வந்தாப் போதுமா? திரும்பிப் போகணும்ல!"

பாட்டரியிலிருந்து வரும் மின்சாரம் மோட்டாரைச் சுற்றிவிட்டுக் காரின் உடம்பு வழியாகப் பாட்டரிக்குத் திரும்ப வேண்டும். இதற்கு எர்த் என்று பெயர். குளியலறைச் சாக்கடை பாதி அடைத்திருந்தால் ஒரு சொம்புத் தண்ணீர் போய்விடும். ஒரு குடத்தை ஊற்றினால் தேங்கி நிற்கும். சின்ன பல்பு குடிக்கும் மின்சாரம் ஒரு சொம்பு. 60 வாட் ஹெட்லைட் பல்புக்கு 5 ஆம்பியர் வேண்டும். விசிறி மோட்டாருக்கோ 10 ஆம்பியருக்கு மேலும் வேண்டியிருக்கும்.

பாட்டரியின் கழிவு முனையிலிருந்து தடித்த ஒயர் ஒன்றை எடுத்து, விசிறியின் எர்த் முனையில் தொட்டார். 'கிர்ர்' என்று விசிறி சீறிக்கொண்டு சுற்றியது!

குற்றவாளி எங்கே? பாட்டரித் தட்டுக்குக் கீழே ஒரு போல்ட். அதில்தான் எர்த் ஒயரை முடுக்கியிருந்தார்கள். பாட்டரி அமிலம் பட்டு அதன்மேல் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது. மோட்டார் மாற்றியபோது ஒயர் அசைந்து கொஞ்சம் ஒட்டியிருக்கும். மூன்று வாரம் ஓடியது. மறுபடி பூத்துவிட்டது.

பாட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டுத்தான் கை வைத்தார். சாவியை எடுத்த பிறகும் சில கார்களில் விசிறி திடீரென்று சுற்றும். விரல் போய்விடும். சேலைத் தலைப்பும் துப்பட்டாவும் பக்கத்தில் வரக்கூடாது. உப்புத்தாளால் போல்டைத் தேய்த்து, ஒயரின் முனையை மாற்றி, இறுக்கி, கிரீஸ் தடவினார். கூலி முந்நூறு ரூபாய்.

"பழைய மோட்டார் எங்கே, சார்?"

"பட்டறையிலேயே விட்டுவிட்டேன்."

"அது நல்ல மோட்டார் ஆச்சே!" என்றார். எனக்கு வயிறு எரிந்தது.

மறுநாள் மாலை திரும்பினோம். விக்கிரவாண்டியில் மீண்டும் வரிசை. எல்லோரும் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தோம். பாதியைத் தாண்டியது. 'கிர்ர்' என்று முன்னால் சத்தம். முள் இறங்கியது. மகள் கை தட்டினாள்.

அப்போது மைத்துனர் கதவைத் திறந்துகொண்டு இறங்கி ஓடினார். நாலு கார் முன்னால் ஒருவர் பானெட்டைத் தூக்கிவிட்டு, கையில் துண்டைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"ஐயா, தொடாதீங்க!"