பென் டிரைவ் சொல்லும் தப்புக் கணக்கு

நம் சங்க உறுப்பினர்கள் பலர் இன்று கம்ப்யூட்டரில்தான் பில் போடுகிறார்கள். இரவு கடை கட்டும்போது கணக்கை ஒரு பென் டிரைவில் ஏற்றி வீட்டுக்கு எடுத்துப் போவதும் பழக்கமாகிவிட்டது. ஜி.எஸ்.டி. சட்டப்படி, ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்யவேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் கணக்கைப் பாதுகாக்க வேண்டும். அந்த டிரைவ் நம் கடையில் திறக்கிறது, ஆடிட்டர் ஆபீஸில் திறக்க மறுக்கிறது என்றால் வயிற்றைக் கலக்கத்தானே செய்யும்?

கம்ப்யூட்டருக்குள் 'டிரைவர்' என்றொரு புரோகிராம் உண்டு. கடைக்கும் குடோனுக்கும் நடுவே நிற்கும் கணக்குப்பிள்ளை என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் 31 பைட்டில் ஓர் ஆர்டர் சீட்டு அனுப்புவார். சரக்கு வந்தபின் பென் டிரைவ் 13 பைட்டில் ரசீது கொடுக்கும். இந்த முறை 1999-இல் எழுத்தில் வகுக்கப்பட்டது. ஆனால் மலிவாகச் சில்லு செய்கிறவர்களில் பலர் விண்டோஸில் ஓடினால் போதும் என்று சோதித்துவிட்டுச் சந்தைக்கு அனுப்பிவிடுகிறார்கள்.

அடிக்கடி வரும் கோளாறு ஒன்று. குடோனில் 1000 மூட்டை. முதல் மூட்டைக்கு 0 என்று எண் போட்டால், கடைசி மூட்டையின் எண் 999. "கடைசி எண் என்ன?" என்று கேட்டால் 999 என்பதே சரியான பதில். சில டிரைவ்கள் 1000 என்கின்றன. கேட்டது எண்ணை, சொன்னது எண்ணிக்கையை! கம்ப்யூட்டர் 1001 மூட்டை இருப்பதாக நம்பி, இல்லாத மூட்டையைக் கேட்கிறது. டிரைவ் பதில் சொல்லத் தெரியாமல் அப்படியே நின்றுவிடுகிறது.

லினக்ஸ் என்ற ஆபரேட்டிங் சிஸ்டத்தில் இதற்கு ஒரு பேரேடே வைத்திருக்கிறார்கள். 'வழக்கத்துக்கு மாறான கருவிகள்' என்பது அதன் பெயருக்குப் பொருள். ஒவ்வொரு டிரைவும் சொருகியவுடன் தயாரிப்பாளர் எண், பொருள் எண், வெர்ஷன் எண் மூன்றையும் சொல்லும். டிரைவர் அதைப் பேரேட்டில் பார்க்கிறது. பக்கத்தில், 'சொல்லும் கணக்கில் ஒன்றைக் கழி' என்று குறிப்பு இருந்தால் கழித்துக்கொள்கிறது. நாமும் பார்ட்டி பெயருக்கு எதிரே பென்சிலால் எழுதி வைப்பதில்லையா? எந்தப் பக்கம் தப்பு என்று தெரியாத டிரைவுகளுக்கு ஓர் ஊகமும் உண்டு: உண்மையான எண்ணிக்கை பெரும்பாலும் இரட்டைப்படையாகவே இருக்கும். எனவே 1001 என்று வந்தால் 1000 என எடுத்துக்கொள்.

இன்னும் சில டிரைவ்கள் சரக்கு முழுவதையும் இறக்கிவிட்டு, ரசீதில் 'பாக்கி உண்டு' என்று உளறும். அவற்றுக்கு 'ரசீதுப் பாக்கியை நம்பாதே' என்று குறிப்பு. சில ஒரே நடையில் 120 கிலோபைட் தாங்காமல் மயங்கும், அவற்றுக்கு 32-தான். வேகமான புதிய முறையில் பேசத் தெரியாத ஹார்டு டிஸ்க் பெட்டிகளுக்குத் தனிப் பட்டியலே இருக்கிறது.

பட்டியல் வளர்வது, மாட்டிக்கொண்டவர்கள் எழுதித் தெரிவிப்பதால்தான். அதனால் ஆபரேட்டிங் சிஸ்டத்தைப் புதுப்பித்தாலே சில டிரைவ்கள் சரியாகிவிடும்.

ஆகவே டிரைவ் திறக்காமல், 'ஃபார்மட் செய்யவா?' என்று திரையில் கேட்டால், வேண்டாம் என்றே அழுத்துங்கள். பெரும்பாலும் சரக்கு உள்ளேதான் இருக்கும்; கேட்கும் முறைதான் ஒத்துவரவில்லை. வேறு துளையிலோ வேறு கம்ப்யூட்டரிலோ சொருகிப் பாருங்கள். திறந்ததும் முதல் வேலையாகக் கணக்கை வேறிடத்தில் நகல் எடுங்கள்.

ஒன்று மட்டும் டிரைவராலும் முடியாது. 8 ஜி.பி. சில்லை வைத்து 64 ஜி.பி. என்று சொல்லும் போலி டிரைவ்களும் விற்கின்றன. ஏற்றும்போது எல்லாம் ஏறியது போலவே காட்டும். 8 தாண்டியது காற்றில் போயிருக்கும். புது டிரைவ் வாங்கினால், முழுக் கொள்ளளவுக்கும் எழுதித் திரும்பப் படித்துச் சோதிக்கும் இலவசப் புரோகிராம் ஒன்றை ஓடவிட்டபிறகே கணக்கை ஏற்றுங்கள்.