பிள்ளை தன்னை எடைபோடத் தொடங்கும் வயது

நான்கு வயதுப் பிள்ளையிடம் "உன்னைப் பத்திச் சொல்லு" என்று கேட்டுப் பாருங்கள். "எனக்கு நாலு வயசு. சிவப்பு சைக்கிள் இருக்கு. வேகமா ஓடுவேன்" என்று சொல்லும். எட்டு வயதில் அதே கேள்விக்கு, "படம் நல்லா வரைவேன், கணக்குதான் வராது. பக்கத்துல உட்கார்ற பிள்ளை என்னைவிடக் கெட்டிக்காரி" என்பது போன்ற பதில் வரும். முதல் பதிலில் வேறு யாரும் இல்லை. இரண்டாவதில் இன்னொரு பிள்ளை நுழைந்துவிட்டது. தன்மதிப்பு வளரும் கதையே இந்த மாற்றம்தான்.

கண்ணாடியில் இருப்பது யார்?

அமெரிக்க உளவியலாளர் பியூலா ஆம்ஸ்டர்டாம் 1972-இல் ஓர் எளிய சோதனையை வெளியிட்டார். குழந்தையின் மூக்கில் சிவப்புச் சாயம் தடவிக் கண்ணாடி முன் நிறுத்துவது அது. ஒரு வயதுக் குழந்தை கண்ணாடியில் இருப்பதை வேறொரு குழந்தையாக நினைத்துச் சிரிக்கும். ஒன்றரை முதல் இரண்டு வயதுக்குள் பெரும்பாலான குழந்தைகள் தங்கள் மூக்கையே தொட்டுப் பார்க்கும். 'என்னுது, தரமாட்டேன்' என்ற அடமும் ஏறக்குறைய அப்போதுதான் தலைகாட்டுகிறது. 'நான்' என்று ஒருவர் இருப்பது பிள்ளைக்குப் புரியத் தொடங்கிவிட்டது; அந்த அடத்தைச் சுயநலம் என்று கண்டிக்க வேண்டியதில்லை.

மூன்று முதல் ஆறு வயதுவரை பிள்ளைகள் தங்கள் திறமையைக் கூட்டியே சொல்வார்கள். நேற்றுப் போட முடியாத சட்டைப் பொத்தானை இன்று போட முடிகிறது என்றால், நாளை எதுதான் முடியாது? அவர்கள் தங்களை ஒப்பிடுவது நேற்றைய தங்களோடுதான். 'மொத்தத்தில் நான் எப்படிப்பட்டவன்' என்று எடைபோட்டுச் சொல்லும் திறன் எட்டு வயதை ஒட்டியே வருகிறது என்று இத்துறையில் பல்லாண்டுகள் ஆராய்ந்த சூசன் ஹார்ட்டர் காட்டினார். அதற்கு முன் தன்மதிப்பை நடத்தையில்தான் பார்க்க முடியும். புதிய விளையாட்டில் கை வைக்கிறதா, கிறுக்கிய படத்தைக் கொண்டுவந்து காட்டுகிறதா, விழுந்தபின் மறுபடி ஏறுகிறதா என்று கவனியுங்கள்.

நம் வாயிலிருந்து போகும் சொற்கள்

மலேசியாவின் பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியில் வளரும் பிள்ளை வீட்டில் தமிழ் பேசும். பாலர்பள்ளியில் மலாயோ ஆங்கிலமோ கேட்கும். புது மொழிக்குள் நுழையும் பிள்ளை சில மாதங்கள் பேசாமல் கேட்டுக்கொண்டிருப்பது இயல்பு. "இவன் வாயே திறக்க மாட்டான், கூச்ச சுபாவம்" என்று அவன் காதுபடச் சொன்னால், அது அவனுக்குத் தன்னைப் பற்றிய தகவலாகிவிடுகிறது.

நிறமும் அப்படித்தான். அமெரிக்காவில் உளவியலாளர்களான கென்னத், மேமி கிளார்க் தம்பதியர் மூன்று முதல் ஏழு வயதுக் கறுப்பினப் பிள்ளைகளிடம் வெள்ளைப் பொம்மையையும் பழுப்புப் பொம்மையையும் காட்டினர். பெரும்பாலோர் வெள்ளையையே நல்லது என்றனர். பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்ற 1954-ஆம் ஆண்டுத் தீர்ப்பில் இவர்கள் ஆய்வும் மேற்கோளானது. "வெயில்ல ஆடாதே, கறுத்துடுவே" என்று நாம் அக்கறையோடு சொல்வதையும் பிள்ளை அதே கணக்கில்தான் சேர்க்கும்.

ஏழு வயதுத் திருப்பம்

ஒப்பீடு கூர்மையாகும் வயதும் பள்ளியின் முதலாம் ஆண்டில் காலெடுத்து வைக்கும் வயதும் நம் நாட்டில் ஒன்றாக வருகின்றன. முதல் மூன்று ஆண்டுகளுக்கான தேர்வுகள் 2019-இல் நீக்கப்பட்டு, வகுப்புசார் மதிப்பீடு வந்தது. அதன் ஆறு நிலைகளும் பிள்ளை பாடத்தில் எதுவரை வந்திருக்கிறது என்பதைச் சொல்பவை. எத்தனையாவது இடம் என்று அவை சொல்வதில்லை. ஆனால் தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்பில் "அக்கா மகன் எத்தனை வாங்கினான்?" என்று நாமே அந்த இடத்தைக் கேட்டு வாங்கிவிடுகிறோம்.

அந்த ஒப்பீட்டின் காயத்தை ஈடுகட்டப் புகழ்ச்சியை அள்ளிக் கொட்டுவதும் உதவாது. 'நீ கெட்டிக்காரன்' என்று புகழப்பட்ட பிள்ளைகள், உழைப்புக்காகப் புகழப்பட்டவர்களைவிடத் தோல்விக்குப் பின் விரைவில் துவண்டுபோனதை 1998-இல் உளவியலாளர்கள் முல்லர், டுவெக் ஆகியோரின் ஆய்வு காட்டியது. தன்மதிப்பு குறைந்த பிள்ளையை மிகைப்படுத்திப் புகழ்ந்தால், அது கடினமான வேலையைத் தவிர்க்கிறது என்று 2014-இல் நெதர்லாந்து ஆய்வாளர் ப்ரூமல்மனின் குழு கண்டது. அடுத்த முறையும் அதே உயரத்தில் நிற்க வேண்டுமே என்ற பயம் ஒரு காரணமாக இருக்கலாம்.

என்ன செய்யலாம்?

நடந்ததைக் குறிப்பாகச் சொல்லுங்கள்: "நாலு தடவை அழிச்சு எழுதினே, இப்போ 'ழ' நல்லா வந்திருக்கு." வீட்டில் தட்டு எடுத்துவைப்பது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது போன்ற உண்மையான வேலை ஒன்றைக் கொடுங்கள். தவறினால் செயலைத் திருத்துங்கள். ஆளுக்குப் பெயர் வைக்காதீர்கள். மதிப்பீட்டு அறிக்கை கைக்கு வரும்போது, சென்ற முறை வந்ததை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உங்கள் பிள்ளையை ஒப்பிட வேறு பிள்ளை வேண்டாம், அந்தப் பழைய தாள் போதும்.